லாங்கோலன் கால்வாயில் நேரோபோட்: முதன்முறை ஓட்டப்போகிறவர்களுக்கு

வேல்ஸின் வடகிழக்கில், டீ ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் லாங்கோலன். அதன் பெயரைத் தாங்கிய கால்வாய் அங்கிருந்து கிழக்கே இறங்கி, இங்கிலாந்து எல்லைக்குள் புகுந்து, நான்ட்விச் அருகே ஹர்ல்ஸ்டன் சந்திப்பில் ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயோடு சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 46 மைல். வழியில் 21 லாக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள். இதில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகான நேரோபோட்டை வாடகைக்கு எடுக்க ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. படகுத்துறையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி காதில் ஏறாது. அதனால்தான் முன்கூட்டியே இதைப் படித்துவைப்பது நல்லது.

முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்று: இந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. பிரிட்டனின் பெரும்பாலான கால்வாய்களில் தண்ணீர் குளம்போல் நிற்கும். இங்கே, லாங்கோலனுக்கு மேலே பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்ட் கட்டிய குதிரைலாட வடிவத் தடுப்பணையில் டீ ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் திருப்பப்படுகிறது. அது கால்வாய் முழுக்க ஓடி, ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் குடிநீராகச் சேர்கிறது. 1944-ல் படகுப் போக்குவரத்துக்குச் சட்டப்படி கைவிடப்பட்ட கால்வாய் இது. தூர்ந்து போகாமல் பிழைத்ததற்கே இந்தத் தண்ணீர்தான் காரணம். ஓட்டுபவருக்கு அதனால் வரும் விளைவு எளிது: லாங்கோலனை நோக்கிப் போகும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது தண்ணீரே தள்ளிவிடும். நேரக்கணக்கில், குறுகலான இடங்களில், லாக் வாசலில் என்று புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் இந்த ஓட்டம்தான்.

பெயர் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாங்கோலனை Llangollen என்று எழுதுவார்கள். வேல்ஸ் மொழியில் இந்த இரட்டை லகரம் (ll) நம் லகரமும் அல்ல, ளகரமும் அல்ல. நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊதினால் அந்த ஒலி வரும். வழி கேட்கும்போது முயன்று பாருங்கள், முகம் மலர்வார்கள்.

எங்கிருந்து, எத்தனை நாள்

மூன்று நான்கு நாள் மட்டும் இருந்தால் ட்ரெவர் அல்லது சர்க்கில் படகு எடுங்கள். சர்க்கிலிருந்து லாங்கோலன் வரை ஒரு லாக்கூட இல்லை. சுமார் 8 மைல், நான்கு மணி நேரம். கால்வாயையே சுமந்து செல்லும் பெரிய நீர்ப்பாலங்கள் இரண்டில் உயரமானது இந்தத் தூரத்துக்குள்ளேயே வந்துவிடும், மற்றது சர்க்கை ஒட்டியே இருக்கிறது. நாள் மீதி இருந்தால் மறுபக்கம் இறங்கி, நியூ மார்ட்டனில் உள்ள இரண்டு லாக்குகளில் கை பழகிக்கொண்டு எல்ஸ்மியர் வரை போய்த் திரும்பலாம்.

ஒரு வாரம் என்றால் விட்சர்ச், ரென்பரி பக்கமிருந்து கிளம்பலாம். கணக்குப் போட ஓர் எளிய வழி உண்டு: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். விட்சர்ச்சிலிருந்து லாங்கோலனுக்கு ஏறத்தாழ 29 மைல், 2 லாக். கூட்டினால் 31, வகுத்தால் பத்து மணி இருபது நிமிடம். ஆனால் இது நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. லாங்கோலனை நோக்கிப் போகும்போது கால்பங்கு சேர்த்து 13 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நிதானமாக இரண்டு நாள். வாடகைப் படகை இருட்டில் ஓட்டக் கூடாது என்பதையும், ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு ஓட்டினால் யாருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். குளிர்காலத்தில் பழுதுபார்ப்புக்காக ஆங்காங்கே கால்வாயை மூடுவார்கள். எந்தெந்த இடம் என்ற பட்டியலைக் கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்டு ரிவர் டிரஸ்ட் வெளியிடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம். மே மாதமோ செப்டம்பரோ சிறந்தது.

வாடகை முழுப் படகுக்கு. தலைக்கு இவ்வளவு என்று கிடையாது. டீசல் சேர்த்தா தனியா, முன்பணம் எவ்வளவு பிடிப்பார்கள், லைஃப் ஜாக்கெட் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ‘ஆறு பேர் படுக்கலாம்’ என்று எழுதியிருந்தால் அதில் இருவருக்கு இரவில் சாப்பாட்டு மேசைதான் கட்டிலாக மாறும். நான்கு பேருக்கு ஆறு பேர் படகு எடுப்பது புத்திசாலித்தனம்.

ஓட்டும் விதம்

நேரோபோட்டின் அகலம் 2.08 மீட்டர், லாக்கின் அகலம் சுமார் 2.1 மீட்டர். இரண்டு பக்கமும் ஒரு கை வைக்கக்கூட இடம் இருக்காது. நீளம் 21 மீட்டர் வரை போகும். எடை 15 டன்னுக்கு மேல், பிரேக் கிடையாது.

பின்பக்கத்தில் நின்று சுக்கான் தண்டைப் பிடித்து ஓட்ட வேண்டும். தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். பத்து நிமிடத்தில் இது பழகிவிடும். பழக நேரமாவது வேறொன்று: படகு கார்போல் முன்சக்கரத்தில் திரும்பாது, நடுவில் ஆணி அடித்ததுபோல் சுழலும். மூக்கு வலப்பக்கம் போனால் வால் இடப்பக்கம் வீசும். பக்கத்தில் நிற்கும் படகின் மீது வாலை இடிப்பதுதான் முதல் நாள் விபத்துகளில் முதலிடம்.

அடுத்த தவறு பயத்தில் வருவது. எதிரில் படகு வந்ததும் கை தானாக வேகத்தை முழுக்கக் குறைத்து நியூட்ரலுக்குப் போகும். புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் படகு திரும்பும். நியூட்ரலில் சுக்கான் செத்த கட்டை. அதனால் வேகத்தை முன்னதாகவே குறைத்துவிட்டு, திரும்ப வேண்டிய இடத்தில் லேசாக விசை கொடுங்கள். பின்னோக்கி ஓட்டும்போது சுக்கான் ஏறக்குறைய பயனற்றது. மூக்கைச் சரிசெய்ய ஒரு நொடி முன்னோக்கி விசை கொடுத்து, மீண்டும் பின்னால் வர வேண்டும்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். அளவுமானி இருக்காது. உங்கள் பின்னால் கரையில் அலை உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள். கட்டிநிற்கும் படகுகளைக் கடக்கும்போது விசையை ஆகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், கடைசிப் படகைத் தாண்டும்வரை ஏற்றாதீர்கள். இல்லாவிட்டால் அவர்கள் படகைக் கட்டக் கரையில் அடித்த முளை பிடுங்கிக்கொள்ளும்.

எதிரே படகு வந்தால் உங்கள் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், நம் ஊர் சாலைக்கு நேர்மாறு. ஆனால் நூறு மீட்டர் முன்பே கரையோரம் ஒதுங்காதீர்கள், சேற்றில் ஏறிவிடுவீர்கள். இரண்டு மூன்று படகு நீளம் இருக்கும்போது விலகினால் போதும். கடக்கும்போது முதலில் இரண்டு மூக்குகளும் ஒன்றையொன்று தள்ளும், பிறகு வால்கள் இழுக்கும். இது இயல்பு, பதறாதீர்கள். பாலத்தடிகளில் ஒரு படகுக்குத்தான் இடம். ஓட்டத்தோடு வருகிற படகால் சட்டென்று நிற்க முடியாது, அதற்கு வழிவிடுங்கள்.

தரைதட்டினால் முன்னோக்கி முறுக்காதீர்கள், இன்னும் ஏறும். வந்த வழியே பின்னோக்கி வாருங்கள். வரவில்லையென்றால் எல்லோரும் ஆழமான பக்கத்துக்கு நகர்ந்து நின்று, கூரைமேல் உள்ள நீளக் கழியால் கரையை ஊன்றித் தள்ளுங்கள். கழியின் நுனி நெஞ்சுக்கு நேராக இருக்கக் கூடாது. எந்தச் சூழலிலும் காலை நீட்டிப் படகைத் தடுக்க முயலாதீர்கள். பெயின்ட் போனால் போகட்டும்.

லாக்கில் ஏறுவதும் இறங்குவதும்

லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த கல் தொட்டி. கதவிலோ தரையிலோ உள்ள சிறு மதகுப் பலகைகளை ‘பேடில்’ என்பார்கள். அவற்றை ‘விண்ட்லாஸ்’ என்ற எல் வடிவக் கைப்பிடியால் சுழற்றித் தூக்க வேண்டும். இரு பக்கத் தண்ணீர் மட்டமும் சமமாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் கதவு அசையாது. சமமான பிறகு நீளமான கட்டையில் முதுகைச் சாய்த்தாலே நகரும்.

ஏறும்போது:

1. தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தால், எதிரே மேலிருந்து இறங்க யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, கீழ்ப் பேடில்களைத் தூக்கிக் காலிசெய்யுங்கள்.
2. கீழ்க்கதவைத் திறந்து படகை உள்ளே கொண்டுவாருங்கள்.
3. கதவை மூடி, கீழ்ப் பேடில்கள் முழுக்க இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று பாதியில் நின்றால் தொட்டி நிறையவே நிறையாது.
4. மேல்புறத்தில் தரைப் பேடிலை மட்டும் பாதி தூக்குங்கள். படகு அடங்கிய பிறகு முழுக்கத் தூக்குங்கள். கதவிலேயே பேடில் இருந்தால், அதன் வாய் தண்ணீரில் மூழ்கும்வரை தொடாதீர்கள். முன்னால் திறந்தால் அருவிபோல் படகின் முன்தளத்தில் கொட்டும்.
5. நிறைந்ததும் மேல்கதவைத் திறந்து வெளியே போய், எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது படியில்தான் லாங்கோலன் கால்வாய் தன் வேலையைக் காட்டும். லாக்கைச் சுற்றிப் போகும் உபரித் தண்ணீர், கீழ்வாசலுக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் வந்து விழும். சரியாக நீங்கள் மூக்கை நுழைக்கும் நேரத்தில் அது மூக்கை எதிர்ப்பக்கம் தள்ளிச் சுவரில் அடிக்கும். மெதுவாகப் போனால்தான் அதிகம் அடிக்கும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மூக்கை அந்தப் பக்கம் சற்றே அதிகமாகக் குறிவைத்து, கொஞ்சம் விசையோடு நுழையுங்கள். பாதிப் படகு உள்ளே போனதும் பின்னோக்கி விசை கொடுத்து வேகத்தை அடக்குங்கள்.

ஏறும்போது படகின் மூக்கில் தொங்கும் கயிற்று மெத்தை, மேல்கதவின் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாம். தண்ணீர் ஏறும், மூக்கு ஏறாது, முன்தளத்துக்குள் தண்ணீர் வரும். ஒருவர் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இறங்கும்போது ஆபத்து பின்னால். மேல்கதவின் அடியில் கல்படி ஒன்று தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், ‘சில்’ என்பார்கள். நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. படகின் வால் அதன்மேல் இருக்கையில் தண்ணீர் இறங்கினால் வால் படியில் தங்கும், மூக்கு தண்ணீரோடு கீழே போகும். சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். படி எங்கே முடிகிறது என்பதைச் சுவரோரத்தில் வெள்ளைக் கோடு காட்டும். வால் எப்போதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். படகு சாய்வதுபோல் தோன்றினால் ‘பேடில் இறக்கு’ என்று கத்துங்கள். கீழ்ப் பேடில்களை உடனே மூடி, அதன்பிறகு மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டால் படகு மீளும். இதே காரணத்தால்தான் லாக்குக்குள் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது, சுற்றிக் கையில் பிடிக்க மட்டுமே செய்யலாம்.

விண்ட்லாஸை அச்சில் மாட்டிவிட்டுக் கையை எடுக்காதீர்கள். பல்சக்கரத்தின் தடுப்பு நழுவினால் அந்த இரும்பு சுழன்று முகத்தில் அடிக்கும். இறக்கும்போதும் கட்டுப்படுத்திச் சுழற்றித்தான் இறக்க வேண்டும்.

விட்சர்ச்சுக்கு அருகே கிரிண்ட்லி புரூக்கில் ஆறு லாக்குகள். மேல்மூன்றும் படிக்கட்டுபோல் ஒட்டியிருக்கும், ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. ஏறும் முன் அடித்தொட்டி காலியாகவும் மற்ற இரண்டும் நிறைந்தும் இருக்க வேண்டும். இறங்கும் முன் மேல்தொட்டி நிறைந்தும் மற்ற இரண்டும் காலியாகவும் இருக்க வேண்டும். பருவகாலத்தில் அங்கே லாக் காவலர் இருப்பார். அவர் சொல்வதுதான் சட்டம், பேடிலில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

ரென்பரி பக்கத்தில் தூக்குப்பாலங்கள் வரும். சிலவற்றை விண்ட்லாஸால் சுழற்ற வேண்டும். ரென்பரியில் சாலை செல்லும் பாலம் மின்சாரத்தில் இயங்குவது, அதற்கு டிரஸ்ட்டின் சாவி தேவை. பாலம் முழுதாக எழும்வரை படகை நுழைக்காதீர்கள்.

நீர்ப்பாலங்களும் குறுகல்களும்

கீழிருந்து வந்தால் முதலில் சர்க் நீர்ப்பாலம். 1801-ல் முடிந்தது, 21 மீட்டர் உயரம். பக்கத்திலேயே ரயில் பாலம் இன்னும் உயரத்தில் போகும். நீர்ப்பாலம் முடிந்த கையோடு 421 மீட்டர் சர்க் சுரங்கம். இரண்டிலும் ஒரு படகுக்குத்தான் அகலம். சுரங்கத்துக்குள் விளக்கு தெரிந்தால் வெளியிலேயே காத்திருங்கள். உங்கள் முன்விளக்கையும் கேபின் விளக்குகளையும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் எதிரே வரும், படகு நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். இங்கே எல்லோரும் செய்வது விசையைக் கூட்டுவது. அதனால் பயனில்லை. ஒடுங்கிய இடத்தில் படகைத் தாண்டித் தண்ணீர் பின்னால் போக வழி குறைவு. விசை கூடினால் படகின் அடியிலிருக்கும் தண்ணீரையே புரொப்பெல்லர் உறிஞ்சிவிடும். வால் தாழ்ந்து தரையைத் தொடும், வேகம் இன்னும் குறையும். நடுத்தர விசையில் பொறுமையாகப் போவதே விரைவான வழி.

அடுத்து பொன்ட்கசுல்த்தே நீர்ப்பாலம். டெல்ஃபர்டும் இன்னொரு பொறியாளரான வில்லியம் ஜெசப்பும் உருவாக்கி 1805 நவம்பரில் திறக்கப்பட்டது. 307 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 38 மீட்டர் உயரம். கல்தூண்களின் மேல் வார்ப்பிரும்புத் தொட்டி. 2009-ல் இதையும் சேர்த்து 11 மைல் கால்வாயை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும் உண்டு. மறுபக்கம் எதுவும் இல்லை. தண்ணீருக்குச் சற்று மேலே இரும்பு விளிம்பு முடிகிறது, அப்புறம் வெறும் காற்று. படகில் நிற்பவர் கண்ணுக்கு அந்த விளிம்புகூடத் தெரியாது. குழந்தைகளைக் கேபினுக்குள் அல்லது நடைபாதையில் பெரியவர் கைப்பிடியில் வைத்திருங்கள். கூரைமேல் யாரும் வேண்டாம். ஓட்டுவது மட்டும் எளிது: தொட்டியே படகை நேராக வைத்துக்கொள்ளும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடைபாதைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம்.

ட்ரெவர் பக்கத்தில் பாலம் முடிந்ததும் நேரே போனால் படகுத்துறை. லாங்கோலனுக்குச் சட்டென்று இடப்பக்கம் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். எதிரே வரும் ஓட்டம் மூக்கைப் பிடித்துத் திருப்பும். பாலத்தின் மீதே வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும் இடத்தில் விசை கொடுங்கள்.

அங்கிருந்து லாங்கோலன்வரை கால்வாயின் மிக ஒடுங்கிய பகுதி. சில இடங்களில் பாறையை வெட்டி ஒரு படகு அகலத்துக்கு மட்டும் வழி. நீளம் சில நூறு மீட்டர். நடுவில் எதிரெதிரே சந்தித்தால் ஒருவர் முழுக்கப் பின்னால் வர வேண்டும், சுக்கான் இல்லாமல். அதனால் ஒருவர் கரையில் முன்னால் நடந்து போய், வழி காலி என்று போனில் சொன்ன பிறகு நுழையுங்கள். வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் ஆள் நிற்பது முக்கியம்.

லாங்கோலனில் படகு கட்டும் மூரிங் துறையோடு இயந்திரப் படகுக்கு எல்லை. அதற்கு மேல் குதிரை இழுக்கும் சுற்றுலாப் படகுகள்தான். குதிரைலாட அணைக்கு 2 மைல் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். துறையில் எத்தனை நாள் கட்டலாம், கட்டணம் உண்டா என்று பலகையைப் பாருங்கள்.

கட்டுவதும் பராமரிப்பதும்

கரையில் இரும்புத் தகடு பதித்திருந்தால் அதற்கான கொக்கியை மாட்டுங்கள். வெறும் மண் என்றால் முளையைச் சாய்வாக, தலை தண்ணீரிலிருந்து விலகியிருக்கும்படி அடித்து, கயிற்றை முளையின் அடியில் கட்டுங்கள். முன்கயிறு முன்னோக்கியும் பின்கயிறு பின்னோக்கியும் சாய்ந்திருந்தால் பிற படகுகள் கடக்கும்போது ஆடாது. நடுக்கயிறு இறங்கி ஏறும் நேரத்துக்கு மட்டும். இரவில் அதை இறுக்கிக் கட்டினால் படகு சாயும். முளையின் தலையில் வெள்ளைப் பையைக் கட்டிவையுங்கள், இருட்டில் நடப்பவர் தடுக்கி விழமாட்டார். வளைவில், லாக் வாசலில், படகு திருப்ப வெட்டிய அகலமான இடத்தில் கட்டாதீர்கள்.

தினமும் காலையில் இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள். மாலையில் நின்றதும், புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்துக்குக் கிரீஸ் செலுத்தும் திருகை, இறுகும்வரை ஒரு சுற்று திருகுங்கள். மறந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீர்க் குழாய் கண்ட இடத்தில் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். அரைமணி நேரத்துக்கு மேலாகும், மதிய உணவை அங்கே வைத்துக்கொள்ளலாம். கழிவறை கேசட் வகை (கழிவுப் பெட்டியைக் கழற்றி எடுப்பது) என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதற்கென உள்ள இடத்தில் கொட்ட வேண்டும்.

விளக்கும் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். பகலில் நான்கு மணி நேரமாவது இன்ஜின் ஓடினால்தான் இரவுக்குத் தாங்கும். கட்டிய பிறகு இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜினை ஓட்டக் கூடாது. ரைஸ் குக்கர், மிக்ஸி, ஹேர் டிரையர் எல்லாம் வேண்டாம், கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வைத்தால் போதும். குளிருகிறது என்று காற்றுத்துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். அடுப்பு எரியும் மூடிய கேபினில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

நடுவழியில் படகு திடீரென்று சோம்பி, கரும்புகை வந்து, சுக்கான் தண்டு அதிர்ந்தால் புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது. பிளாஸ்டிக் பை, பழைய கயிறு, சில சமயம் யாரோ விட்டெறிந்த புடவை நீளத் துணி. முதலில் ஒரு நொடி பின்னோக்கி விசை கொடுத்துப் பாருங்கள், பாதி நேரம் கழன்றுவிடும். இல்லையென்றால் கரையில் கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின்தளத்துக்குக் கீழே ‘வீட் ஹேட்ச்’ என்ற பெட்டி மூடி இருக்கும். அதைத் திறந்து கைவிட்டு அறுத்தெடுங்கள். கம்பியும் இருக்கலாம், தடித்த கையுறை போடுங்கள். மூடியை மீண்டும் பொருத்தி முழுக்க இறுக்கிய பிறகே இன்ஜினைத் தொடுங்கள். சரியாக மூடாத ஹேட்ச் வழியாக, புரொப்பெல்லர் சுழலச் சுழல, தண்ணீர் இன்ஜின் அறைக்குள் பாயும்.

யாராவது விழுந்தால் உடனே நியூட்ரல். பின்னோக்கி விசை கொடுத்தால் புரொப்பெல்லர் அவரை உள்ளே இழுக்கும். கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவுதான், எழுந்து நிற்கச் சொல்லுங்கள். லாக்குக்குள் விழுந்தால் மட்டும் கதை வேறு, எல்லாப் பேடில்களையும் மூட வேண்டும். இந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் காயம் இருந்தால் பிளாஸ்டர் போட்டு ஓட்டுங்கள், சாப்பிடும் முன் கைகழுவுங்கள். ஊர் திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் கால்வாயில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படகைப் பெரும்பாலும் காலை 9 மணிக்குத் திருப்பித் தர வேண்டும். அதனால் கடைசி இரவு துறையிலிருந்து ஒரு மணி தூரத்துக்குள் கட்டுங்கள். விண்ட்லாஸ், சுத்தியல், முளைகளை எண்ணிப்பாருங்கள். ஒன்று குறைந்தால் முந்தின இரவு கட்டிய இடத்துப் புல்லில்தான் இருக்கும்.